நஞ்சுவல்லிக்கு நான் கொடுத்த குரல்

வா தாயி, உள்ள வா. செருப்பை வாசல்ல விடாதே, நாய் தூக்கிட்டுப் போயிரும். அந்த மூலையில வை. மருமக தண்ணி பிடிக்கப் போயிருக்கா. திண்டுக்கல்லுல குழாய் திறந்துவிட்ட நேரத்துல எந்த வீட்டுலயும் பொம்பளைகளைப் பார்க்க முடியாது. உட்காரு. அந்தக் கரகரப்புச் சத்தம் ஒண்ணுமில்லை, பின்னாடி பட்டறையில என் மகன் அரத்தை வச்சுப் பூட்டு ராவுறான். சாயங்காலம் வரைக்கும் நிக்காது. நீ பாட்டுக்குப் பேசு.

சுப்பரத்தினத்தம்மா மகளா நீ? பெரியகுளத்துல இருந்தா வர்றே? அதைச் சொல்லணுமா என்ன, வாசல்ல நின்னப்பவே எனக்குத் தெரிஞ்சிருச்சு. அதே நெத்தி. பேசறதுக்கு முன்னாடி ஆளை ஒரு தடவை மேலயும் கீழயும் பார்க்குறியே, அதுவும் அவதான். எத்தனையாவது மாசம்? அஞ்சா? நல்லாச் சாய்ஞ்சு உட்காரு, செவுத்துல சுண்ணாம்பு ஒட்டினா ஒட்டட்டும்.

என்னது? சாபமா? அவ விட்ட சாபம் என்னன்னு சொல்லுக்குச் சொல்லு சொல்லணுமா? யார் கேட்டுட்டு வரச் சொன்னது, கோடாங்கியா? ஓகோ. ரெண்டு பிள்ளை தங்கலை, தாயோட சாபம் வயித்துல கிடக்குன்னு உடுக்கையை அடிச்சுச் சொல்லிட்டானா? சாபத்துல சொன்ன சொல்லு தெரிஞ்சாத்தான் கழிக்க முடியும்னுட்டானா? அடப் பாவி. அவ சபிச்சது என்னையத்தான்னு ஊரெல்லாம் பேச்சு, அது எப்படி உன் வயித்துக்கு வந்துச்சு? சரி, சரி, கண்ணைத் தொடை. சொல்றேன். அதுக்குத்தான் வர்றேன். முதல்லருந்து சொன்னாத்தான் உனக்கு விளங்கும். ஊருக்குள்ள கண்டவனும் கண்டதைச் சொல்லிப்புட்டு கடைசியில என் தலையில கொண்டாந்து கட்டுவான். நீ கேட்டுட்டு நீயே சொல்லு, இதுல என் தப்பு என்ன இருக்குன்னு.

ஊமைப்படம்னா தெரியுமா உனக்கு? படம் ஓடும், பேசாது. நடுநடுவுல எழுத்து வரும். படிக்கத் தெரிஞ்சவன் கொட்டகை மொத்தத்துக்கும் பத்துப் பேரு இருந்தா அதிகம். அதனால திரைக்குப் பக்கத்துல ஒரு முக்காலி போட்டு, வாயில தகரக் குழாயை வச்சுக்கிட்டு ஒரு ஆள் நிப்பான். ராசா வந்தா ராசாவாப் பேசுவான், ராணி வந்தா ராணியாப் பேசுவான், குதிரை வந்தாக் கனைப்பான். அந்த ஆள்தான் நான். வெறும் வீரபத்திரன்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. குழாய் வீரபத்திரன்னு கேளு, பழநி ரோடு முழுக்க வழி சொல்லுவான்.

எத்தனையோ படம் சொன்னேன். ஆனா நஞ்சுவல்லி மாதிரி ஒண்ணு வரலை. உங்கம்மா பேரு அதுல மிஸ் இந்திரமாலா. படத்துல அவதான் நஞ்சுவல்லி. ஒரு பெரிய வியாபாரி, பொஞ்சாதி செத்தவன், ஒத்தைப் பிள்ளை, அதுவும் சீக்காளி. அந்த வீட்டுக்குள்ள இவ வர்றா. வந்து ஒரு பார்வை பார்க்குறா. அவ்வளவுதான், அந்தாளு பெட்டிச் சாவியை எடுத்து இவ இடுப்புல சொருகிட்டான். கொட்டகையில ஆம்பளைங்க மூச்சு விட மாட்டான். சொத்து பூராவும் கைக்கு வரணும்னா அந்தப் பிள்ளை போகணும். ஒன்பதாவது ரீல்ல இவ பால் டம்ளருல விஷத்தைக் கலக்கி எடுத்துக்கிட்டு தொட்டிலுக்கு நடந்து போறா பாரு, அந்த நடைக்கு நான் பேசுனேன்: "வாடா என் செல்வமே, இந்த ஒரு வாய் குடித்துவிட்டால் இனி உனக்குப் பசியே இராது!" கீச்சுக் குரலும் இல்லை, தடிச்ச குரலும் இல்லை, தொண்டையில தேனைத் தடவி அடியில கத்தியை வச்ச மாதிரி ஒரு குரல். மூணு நாள் ஆத்தங்கரையில உட்கார்ந்து பழகுனேன். பொம்பளைக பக்கம் தடுப்புக்கு அந்தாண்டை இருந்து மண்ணை வாரித் தூத்துவாளுக.

பத்தாவது ரீல் ஒண்ணு இருந்துச்சு. அதை மறைக்க மாட்டேன். அதுல என்னன்னா, டம்ளரைப் பிள்ளை வாய்கிட்ட கொண்டு போயிருவா. பிள்ளை தூக்கத்துல சிரிக்கும். இவ டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்குவா. அந்தப் பாலை இவளே குடிச்சுட்டு, தொட்டில் கயித்தைப் பிடிச்சபடி சாய்ஞ்சு செத்துப் போவா. பிள்ளை எந்திரிச்சு இவ மேல கையைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கும். முடிஞ்சுது. முதல் நாள் அதையும்தான் ஓட்டினோம். சனங்க ஒத்துக்கலை, தாயி! ஒன்பது ரீலா பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான், அவளை நாலு பேர் கல்லால அடிக்கிறதைப் பார்க்கணும்னு. இவ நல்லவளாப் போனா விடுவானா? பெஞ்சியைத் தூக்கிப் போட்டு உடைச்சான். கொட்டகை முதலாளி பழனியாண்டியா பிள்ளை என்னையத்தான் கூப்பிட்டார். "வீரபத்திரா, கடைசி ரீலைத் தகர டப்பாவுலயே வச்சிருவோம். முடிவை நீ வாயாலயே சொல்லி முடிச்சிரு"ன்னார்.

சொல்லிட்டேன். ஒன்பதாவது ரீல் முடிஞ்சு திரை வெள்ளையா நிக்கும். அந்த வெள்ளையில நான் சொல்லுவேன், பிள்ளை ஒரு மடக்கு குடிச்சுது, ரெண்டு மடக்கு குடிச்சுது, வாயில நுரை தள்ளுது, அய்யோ அப்பான்னுச்சு, போயிருச்சு. ஊரார் வந்தாங்க, நஞ்சுவல்லியைச் சந்தியில கட்டி வச்சுக் கல்லால அடிச்சாங்க. அவ சாகும்போதும் சிரிச்சான்னு சொல்லி அந்தச் சிரிப்பையும் சிரிச்சுக் காட்டுவேன். நாலு வருசம் தாயி, வருசத்துக்கு ரெண்டு தடவை போட்டாலும் கூட்டம் தாங்காது. இன்னைக்கும் கிழடு கட்டைகளைக் கேட்டுப் பாரு, "நுரை தள்ளுனதை எங்கண்ணாலயே பார்த்தேன்"ம்பான். எங்கிட்டு பார்த்தான்? வெள்ளைத் துணியைப் பார்த்தான். திரையில அந்தப் பிள்ளை சாகவே இல்லை. நான்தான் சாகடிச்சேன். அது என்ன லேசுப்பட்ட வேலையா?

அப்புறம் பேசும்படம் வந்துருச்சு. உங்கம்மாவுக்குத் தெலுங்குப் பேச்சு, தமிழ் பேசினா நாக்கு வழுக்கும். கம்பெனிக்காரன் கழட்டி விட்டுட்டான். அவ என்ன செஞ்சா, பேசாம ஒரு நல்ல மனுசனைக் கட்டிக்கிட்டா. உங்கப்பா வரதராஜுலு, இங்க தரும ஆஸ்பத்திரியில கம்பவுண்டர். மேற்கு ரத வீதியில குடியிருந்தாக. நீ பிறந்தே. ஒருத்தனுக்கும் அடையாளம் தெரியலை. மை கிடையாது, நகை கிடையாது, சாயம் போன சுங்குடிச் சேலை. நானே ரெண்டு தடவை பக்கத்துல நின்னு புளி வாங்கியிருக்கேன், தெரியலை.

மூணாவது தடவை தெரிஞ்சுபோச்சு. சந்தையில கருவாட்டுக்காரிகிட்ட விலை கேட்டு, அவ சொன்ன விலைக்கு ஒரு பார்வை பார்த்தா பாரு. எனக்குப் புல்லரிச்சுருச்சு. நாலு வருசமா நான் யாருக்காகப் பேசுனேனோ அவ என் முன்னாடி நிக்கிறா! சந்தோசம் தாங்காம அந்தக் குரல்லயே கூப்பிட்டேன், "வாடா என் செல்வமே!"ன்னு. சந்தை முழுக்கத் திரும்பிப் பார்த்துச்சு. நீ அவ இடுப்புல இருந்தே. ஆசையாத்தான் கூப்பிட்டேன், மரியாதையாத்தான் கூப்பிட்டேன். அதுக்குப் போய் முகம் அப்படியா வெளுக்கும்? கருவாட்டையும் போட்டுட்டு ஓடிட்டா. எனக்கு ஒரு வாரம் மனசே ஆறலை, ஒரு வார்த்தை நல்லா இருக்கியளான்னு கேட்டுருக்கலாம்ல?

அன்னையிலருந்து பிடிச்சுது சனி. அவ வீட்டு வாசல்ல பிள்ளைக விளையாடாது. அவ கையால ஒருத்தி தண்ணி வாங்க மாட்டா. அதுலயும் கம்பவுண்டர் வீடு, அலமாரி பூரா மருந்து பாட்டில், கேட்கணுமா? எதிர்வீட்டுப் பிள்ளை அவகிட்ட மோர் வாங்கிக் குடிச்சுட்டு வாந்தி எடுத்துருச்சு. சித்திரை வெயிலு, எல்லாப் பிள்ளையும்தான் வாந்தி எடுத்துச்சு. மறுநாளே எந்திரிச்சுக் கோலி விளையாடப் போயிருச்சு. ஆனா உங்கப்பாவைப் பெத்தவ இருக்காளே, உங்க அப்பாயி, அவ விட்டாளா? "எங்கண்ணால பார்த்தேன், நுரை தள்ளுச்சு அந்தப் பிள்ளைக்கு"ன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு, உன்னைத் தூக்கிட்டுப் பெரியகுளத்துல பெரிய மகன் வீட்டுக்குப் போயிட்டா. எந்தப் பிள்ளைக்கு? எதிர்வீட்டுப் பிள்ளைக்கா, கொட்டகையில நான் சாகடிச்ச பிள்ளைக்கா? அவளுக்கே தெரியாது. உங்கப்பா சாது. ஆத்தா சொன்னாத் தலையாட்டுவார், பொஞ்சாதி சொன்னாலும் தலையாட்டுவார்.

அப்பத்தான் உங்கம்மா என்னைத் தேடி வந்தா. இந்த வீட்டுக்குத்தான். மத்தியானம். என் பொஞ்சாதி தண்ணி கொண்டாந்து வச்சுட்டு எட்டி நின்னுக்கிட்டா, நான் அதைக் கண்டுக்கலை. உங்கம்மா அழுவான்னு பார்த்தேன், அழலை. "அண்ணே, நாலு வருசம் எனக்காகப் பேசினீங்க. இன்னும் ஒரே ஒரு தடவை பேசுங்க. கடைசி ரீலைப் போடச் சொல்லுங்க. அதுல என்ன இருக்கோ அதைச் சொல்லுங்க, போதும். எங்க அத்தையைக் கூட்டிட்டு வந்து முன்னாடி உட்கார வைக்கிறேன். அவங்க அதைப் பார்த்துட்டா பிள்ளையைத் தர்றேன்னு சொல்லியிருக்காங்க"ன்னா. அந்தக் கிழவியைச் சம்மதிக்க வைக்க அவ எத்தனை நாள் நடந்தாளோ. நடிச்சதுதான்னு ஆயிரம் சொல்லியும் கிழவிக்கு ஏறலை. திரையில பார்த்தாத்தான் நம்புவாளாம்.

எனக்கு மனசு இளகிருச்சு. நான் என்ன கல்லா? முதலாளி கால்ல விழாத குறையாக் கேட்டேன். அவரும் சரின்னுட்டார், பேசும்படம் வந்து கொட்டகை காத்தாடிக் கிடந்துச்சு, கடைசி ரீலோட காட்டுறோம்னா கூட்டம் வரும்னு அவர் கணக்கு. நான் சொல்ல வேண்டியதை எழுதியே வச்சுக்கிட்டேன். "பாருங்கள் மகாஜனங்களே, இவள் நஞ்சு அல்ல, இவளும் ஒரு தாய்." அபிராமி கோயில்ல சூடம் ஏத்திச் சத்தியம் பண்ணினேன். பொய்யில்லை தாயி, அந்த அம்மன் சாட்சி.

வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்து முதல் ஆட்டம். கூட்டம்னா கூட்டம். பொம்பளைக பக்கம் முதல் வரிசையில உங்க அப்பாயி, பக்கத்துல உங்கம்மா, ஆம்பளைக பக்கம் உங்கப்பா. ஒன்பது ரீலும் நான் பேசுன பேச்சு இருக்கே, அன்னைக்குப் பேசுன மாதிரி என் ஆயுசுல பேசலை. பத்தாவது ரீல் வந்துச்சு. பிள்ளை சிரிச்சுது. டம்ளர் அவ வாய்க்குத் திரும்புது. கொட்டகையில ஒரு சத்தம் இல்லை. ஒரு விசில் இல்லை, ஒரு இருமல் இல்லை. அந்த மாதிரி அமைதியை நான் பார்த்ததே இல்லை. நீ நினைப்பே, அமைதின்னா நல்லதுதானன்னு. முக்காலி மேல நிக்கிறவனுக்குத் தெரியும். அமைதின்னா நான் செத்தேன்னு அர்த்தம். ஒருத்தனும் என் வாயைப் பார்க்கலை, எல்லாக் கண்ணும் அவ மேல. நான் பேசாமயே அவங்களுக்கு விளங்குது. அப்ப தரை டிக்கெட்டுல இருந்து ஒரு பய கத்துனான், "என்ன குழாய், வாய் அடைச்சுப் போச்சா?"ன்னு.

என் வாய் தானா திறந்துச்சு. "பாருங்கள் மகாஜனங்களே! பாலைக் குடிப்பதுபோல் பாசாங்கு செய்கிறாள் பாதகி! பிள்ளைக்குப் புகட்டியாயிற்று, இப்போது பழியிலிருந்து தப்ப நாடகம்!"

கொட்டகை இடிஞ்சு விழுகுற மாதிரி விசில். அதுக்கப்புறம் நிறுத்த முடியலை தாயி. அவ சாய்ஞ்சு விழுந்தா, மயக்கம் வந்தமாதிரி நடிக்கிறாள்னேன். பிள்ளை எந்திரிச்சு அவ மேல கையைப் போட்டுச்சு, இறந்த குழந்தையின் ஆவி பழிவாங்க வந்ததுன்னேன். பொம்பளைக குலவை போட்டாளுக. ஆவின்னு நான் சொன்னதும் நிஜமாவே அது ஆவியாத் தெரிஞ்சுது, எனக்குமே. உங்க அப்பாயி எந்திரிச்சு, முந்தானையை உதறிட்டு வெளிய போயிட்டா. பின்னாலயே உங்கப்பா.

பழக்கம் தாயி. நாலு வருசம் வண்டி போன தடம். மாடு வேற பக்கம் திரும்புமா? எழுதி வச்ச காகிதம் சட்டைப் பையிலயேதான் இருந்துச்சு. இருட்டுல எப்படிப் படிக்கிறது? நீயே சொல்லு.

விளக்கைப் போட்டாங்க. சனங்க என்னைத் தோள்ல தூக்கிட்டாங்க. அந்தக் கூச்சல்ல, தடுப்பைத் தாண்டி உங்கம்மா வந்தா. ஆம்பளைக பக்கம், அத்தனை பேருக்கு நடுவுல. வழி விட்டான் எல்லாரும், தொட்டாத் தீட்டுங்கிற மாதிரி. எனக்கு நேரா வந்து நின்னா. நிமிர்ந்து பார்த்தா. பேசினா. ஊருக்கே தெரியும் அந்தக் கதை. மறுநாள் காலையில அவ ரயிலேறிட்டா, பெங்களூருங்கிறான், பெல்லாரிங்கிறான், அதுக்கப்புறம் பார்த்தவன் கிடையாது. டீக்கடையில எல்லாரும் என்னைச் சுத்திக்கிட்டு, "உங்கிட்ட என்னப்பா சொன்னா?"ன்னு கேட்டான். நான் சொன்னேன்...

கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிறேன். நீயும் குடி. மோர் இருந்தாத் தரலாம், மருமக எங்க வச்சிருக்கான்னு தெரியலை.

சொல்றேன், தாயி, சொல்றேன். அவசரப்படாதே. "உன் நாக்கு அழுகிப் போக, உன் வம்சம் வெளங்காமப் போக"ன்னு சபிச்சான்னு சொன்னேன். அந்தக் குரல்லயேதான் சொன்னேன். டீக்கடையில ஒருத்தன் கிளாஸைக் கீழ விட்டுட்டான். பெரியகுளம் போறதுக்குள்ள அதுல உன் வயித்தையும் சேர்த்துட்டானுகளாக்கும். அதை நான் சொல்லலை. சத்தியமாச் சொல்லலை.

அப்படிப் பார்க்காதே. அவ பார்க்குற மாதிரியே பார்க்காதே.

எனக்கு ஒண்ணும் கேட்கலை. போதுமா? ஒரு எழுத்துக் கூடக் கேட்கலை. விசிலு, கூச்சல், நான் நாலு பேர் தோள் மேல. அவ வாய் அசைஞ்சுது. நிதானமா அசைஞ்சுது. கோவமா, அழுதாளா, அதுவும் தெரியலை. பேசி முடிச்சா, திரும்பிப் போயிட்டா. அத்தனை பேர் கேட்கிறப்ப, கேட்கலைன்னு நான் எப்படிச் சொல்றது? வாய் அசைஞ்சா வார்த்தை சொல்றதுதானே என் பிழைப்பு! வாயில வந்ததைச் சொன்னேன்.

இந்த முப்பத்தி ரெண்டு வருசமா அந்த வாய் என் முன்னாடி அசைஞ்சுக்கிட்டே இருக்கு, தாயி. கண்ணை மூடினாலும் அசையுது. தெருவுல யாரோ ரெண்டு பொம்பளைக தூரத்துல நின்னு பேசிக்கிட்டிருந்தா, சத்தம் கேட்காம வாய் மட்டும் அசைஞ்சா, எனக்கு உயிரே போயிரும். கிட்டப் போய் என்ன பேசுனீங்கன்னு கேட்டே ஆகணும். ரேசன் கடை வரிசையில ஒருத்தி செருப்பைக் கழட்டிட்டா. ஒரு நாள் தோணும், "ஏண்ணே இப்படிப் பண்ணினீங்க"ன்னுதான் கேட்டிருப்பான்னு. ஒரு நாள் தோணும், "பிள்ளையைப் பார்த்துக்கச் சொல்லுங்க"ன்னு சொல்லியிருப்பான்னு. அப்படிச் சொல்லியிருந்தா? உங்க வீட்டுல போய்ச் சொல்லுன்னு என்னை நம்பிச் சொல்லிட்டுப் போயிருந்தா? நான் யாருகிட்ட போய் என்னத்தைச் சொல்ல?

இரு தாயி, எந்திரிக்காதே. வெறுங்கையோட போனா அந்தக் கோடாங்கி விடமாட்டான், உன் மாமியாரும் விடமாட்டா. நான் ஒரு வழி சொல்றேன், கேளு. நீ சொல்லு, அவ என்ன சொல்லியிருந்தா உனக்கு நல்லதுன்னு. நான் உன்கூட பஸ் ஏறி வர்றேன். அவங்க எல்லாரையும் உட்கார வச்சு, அன்னைக்கு அவ நின்ன மாதிரி நின்னு சொல்றேன். அந்தக் குரல் இன்னும் எங்கிட்ட அப்படியே இருக்கு, ஒரு பிசிறு இல்லை. இப்பவே கேளு. "மகளே... என் செல்வமே... உன் வயிறு குளிரட்டும்..."

ஏன் தாயி காதைப் பொத்துறே?

என்ன? உரக்கக் கேளு. அவளோட நிஜக்குரலா? அது எப்படி இருக்கும்னா கேட்குறே?

அட, இந்தா, இந்த இடத்துலதான் உட்கார்ந்து பேசினா. அரை மணி நேரம். நீ உட்கார்ந்திருக்கிற அதே செவுத்துல சாய்ஞ்சுக்கிட்டு. ஒரு சொல்லு மறக்கலை, எல்லாம் ஞாபகம் இருக்கு. "அண்ணே"ன்னா. "போதும்"னா. கொஞ்சம் பொறு, நினைச்சுப் பார்க்குறேன். "அண்ணே"...

இல்லை. இதுவும் நான்தான். எப்படிச் சொல்லிப் பார்த்தாலும் நான்தான் பேசுறேன், தாயி. அவ குரலைக் காணோம்.